விளக்கணைத்த வீட்டில் சுற்றிய மீட்டர்

எண்பதுகளில், திருவேட்டக்குடியிலிருந்து காரைக்கால் போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். விரலில் ஜெபமாலை சுற்றியிருந்த மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

"எங்க வீட்டுல கரண்டு திருடுறாங்க."

"எப்படிக்கா தெரியும்?" என்றாள் இளையவள்.

"லைட்டு, ஃபேனு எல்லாத்தையும் நிறுத்திட்டு மீட்டரைப் பாத்தேன். சக்கரம் மெல்ல சுத்துது. பின்கட்டுல குடியிருக்கிறவளுக்குத் தனி மீட்டர் இருக்கு. அப்படியும் நம்ம ஒயர்லேர்ந்து இழுக்குறா. சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணுன்னுட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு, மாதா மேல சத்தியம் பண்ணுறா. கள்ளி."

"வேற எதுவும் எரியலியே, நல்லா பாத்தீங்களா?"

"ஒண்ணுமில்ல. மாதா படத்துக்கு முன்னாடி ஒரு செவப்பு பல்பு ராப்பகலா எரியும். அதை அணைக்கிற பழக்கமே இல்ல. அது கணக்குல வராது, சீரோ வாட்ஸ்."

"சீரோ வாட்ஸ்னா கரண்டே இழுக்காதாக்கா?"

"கடைக்காரரே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

இளையவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கரண்டு இழுக்காம எப்படிக்கா எரியும்? அதைக் கழட்டிட்டு ஒரு தடவை சக்கரத்தைப் பாருங்களேன்."

கோட்டுச்சேரி வரும்வரை மூத்தவளின் விரலில் ஜெபமாலை மணிகள் நகர்ந்துகொண்டிருந்தன. பிறகு இளையவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ யாரு? அவளுக்குச் சொந்தமா?"