எல்லைக்கல்லுக்கு அங்கிட்டு

சின்னக்கருப்பன்: அங்கயே நில்லுங்க நர்ஸம்மா! அந்த ஐஸ் பெட்டி எங்க எல்லைக்கல்லத் தாண்டக்கூடாது!

மணிமேகலை: தாண்டலண்ணே. பெட்டி கல்லுக்கு இங்கிட்டுதான் இருக்கு. நானும் இங்கிட்டுதான் உக்காந்திருக்கேன்.

சின்னக்கருப்பன்: ஒரு கொரோனா ஊசி எங்க ஊருக்குள்ள நுழையாது! ஆத்தா கோயில்ல ஊரக் கூட்டி, கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணவன் நானு!

மணிமேகலை: தெரியும்ணே. எதுக்கு இப்படிக் கத்துறீங்க? இங்க நாம ரெண்டு பேருதான இருக்கோம்.

சின்னக்கருப்பன்: கீழ பூண்டுக்காட்டுல ஆளு நிக்கிது. கேக்கட்டும்னுதான்.

மணிமேகலை: அப்ப சரி. கத்துங்க.

சின்னக்கருப்பன்: ஓசியில குடுக்குறாங்கன்னா உள்ள என்னமோ இருக்கு! எந்தம்பி மகன் முகேஷ் போன்ல காட்டுனான். ஊசி போட்ட ஆளு கையில கரண்டி ஒட்டுதாம்!

மணிமேகலை: எந்தக் கரண்டி?

சின்னக்கருப்பன்: எந்தக் கரண்டியா இருந்தா என்ன?

மணிமேகலை: இல்ல... நானும் ரெண்டு ஊசி போட்டுருக்கேன். வீட்ல ஒரு குழிக்கரண்டியக் காணோம். அதான் கேட்டேன்.

சின்னக்கருப்பன்: நக்கலு. ம்... கொடைக்கானல்ல போயிப் பாருங்க. டூரிஸ்ட்டு மாஸ்க் இல்லாம ஏரியில படகு விடுறான். அவனுக்கு ஒரு சட்டமும் கெடையாது. எனக்கு மட்டும் ஊருப்பட்ட சட்டம்.

மணிமேகலை: அவங்களையும் சொல்லிட்டுத்தாண்ணே வாறேன். அவங்க இங்கிலீஸ்ல கத்துறாங்க. நீங்க தமிழ்ல கத்துறீங்க.

சின்னக்கருப்பன்: ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போனா, ஊசி போடாத ஆளு உள்ள வரக்கூடாதுங்கிறான். பூண்டு என்னுது. உடம்பும் என்னுது. குத்திக்கன்னு சொல்ல அவன் யாரு?

மணிமேகலை: நியாயமான கேள்விதான். கையப் பிடிச்சு வச்சுக் குத்துன்னா நானே குத்த மாட்டேன். ஆனா மண்டியில உங்க பக்கத்துல நிக்கிறவருக்கும் ஒரு உடம்பு இருக்குல்ல?

சின்னக்கருப்பன்: அவரு உடம்புக்கு நான் என்ன பண்றது?

மணிமேகலை: அவரு மேல இருமாம இருக்கலாம்.

சின்னக்கருப்பன்: நான்தான் மண்டிக்கே போறதில்லயே! பூண்ட முகேஷ்தான் கொண்டு போறான்.

மணிமேகலை: அவர உள்ள விடுறாங்களா?

சின்னக்கருப்பன்: விடுறாங்களே.

மணிமேகலை: எப்படி?

சின்னக்கருப்பன்: ...நல்ல பையன்.

மணிமேகலை: ஆமாமா. நல்ல பையன்.

சின்னக்கருப்பன்: கீழ அந்த ஆளு போயிட்டானா பாருங்க.

மணிமேகலை: போயிட்டாரு.

சின்னக்கருப்பன்: அப்ப... ஒண்ணு கேக்கணும். சும்மா, பொதுவா.

மணிமேகலை: கேளுங்க.

சின்னக்கருப்பன்: மூச்சு இளைப்பு உள்ள பொம்பளைக்கு இந்த ஊசியப் போடலாமா?

மணிமேகலை: போடலாம். அவங்கதான் மொதல்ல போட்டுக்கணும். எந்தப் பொம்பளைக்கு?

சின்னக்கருப்பன்: பொதுவான பொம்பள.

மணிமேகலை: பேரு?

சின்னக்கருப்பன்: பொன்னுத்தாயி.

மணிமேகலை: உங்க வீட்டம்மா.

சின்னக்கருப்பன்: பொதுவா.

மணிமேகலை: ம்... சொல்லுங்க.

சின்னக்கருப்பன்: வில்பட்டியில அவ தங்கச்சி கொரோனாவுல போயிட்டா தாயி. அவளுக்கும் இதே இளைப்புதான். மொகத்தக்கூடக் காட்டல, பையில சுத்திக் குடுத்துட்டாங்க. அன்னையில இருந்து தூக்கம் கெட்டுப் போச்சு. எந்திரிச்சு எந்திரிச்சு இவளுக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டுக் கெடக்கேன். எனக்குப் பயமா இருக்கு.

மணிமேகலை: இத அவங்ககிட்ட சொன்னீங்களா?

சின்னக்கருப்பன்: எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல? கற்பூரத்த அணைச்சவன் நானு.

மணிமேகலை: அப்ப சத்தியம் என்னாகும்?

சின்னக்கருப்பன்: அதுல ஒரு வழி கெடக்கு. 'ஊசி ஊருக்குள்ள வராது'ன்னுதான் சத்தியம் பண்ணேன். 'ஆளு ஊர விட்டு வெளிய போகாது'ன்னு பண்ணல.

மணிமேகலை: அடடா. நீங்களும் அதத்தான்...

சின்னக்கருப்பன்: நீங்களும்னா?

மணிமேகலை: நீங்களும் நல்லாத்தான் யோசிக்கிறீங்கன்னு சொல்ல வந்தேன்.

சின்னக்கருப்பன்: நாளைக்கு வெள்ளனே அவளக் கல்லுக்கு அங்கிட்டுக் கூட்டியாறேன். இளைப்புக்கு ஊசின்னு சொல்லி வெரசாக் குத்தி விட்டுருங்க.

மணிமேகலை: மாட்டேன். இன்ன ஊசின்னு சொல்லித்தான் குத்துவேன். அவங்க சரின்னாத்தான்.

சின்னக்கருப்பன்: அவ சரின்னு சொல்ல மாட்டா தாயி. என் சத்தியத்து மேல அவளுக்கு அம்புட்டு மரியாதை.

மணிமேகலை: அப்படியா?

சின்னக்கருப்பன்: உசுரே போனாலும் மீற மாட்டா.

மணிமேகலை: அந்தா வாறாங்க. நீங்களே கேட்டுருங்க.

சின்னக்கருப்பன்: யாரு...? ஐயய்யோ. ஏத்தா பொன்னுத்தாயி! உனக்கு இங்க என்ன சோலி?

பொன்னுத்தாய்: குதிரையத் தேடி வந்தேன். நீங்க?

சின்னக்கருப்பன்: நானும்... குதிரையத்தான்.

பொன்னுத்தாய்: கெடச்சுதா?

சின்னக்கருப்பன்: இன்னும் இல்ல.

பொன்னுத்தாய்: எப்படிக் கெடைக்கும்? அதத்தான் போன வருசமே வித்துட்டமே.

சின்னக்கருப்பன்: ...அப்ப நீ எதத் தேடி வந்த?

பொன்னுத்தாய்: நீங்க மொதல்ல சொல்லுங்க.

சின்னக்கருப்பன்: ஏத்தா... எனக்காக அந்த ஊசியப் போட்டுக்க. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். ராத்திரியெல்லாம் உம்மூச்சப் பாத்துக்கிட்டே எனக்கு விடியுது.

பொன்னுத்தாய்: தெரியும். உங்களுக்குக் கேக்கட்டும்னுதான் கொஞ்சம் சத்தமா மூச்சு விடுறேன்.

சின்னக்கருப்பன்: முழிச்சுக்கிட்டா கெடக்க?

பொன்னுத்தாய்: நீங்க வந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்தா எப்படித் தூங்குறது? ஊசியெல்லாம் போட்டாச்சு. பேசாம இருங்க.

சின்னக்கருப்பன்: போட்டாச்சா? எப்ப?

பொன்னுத்தாய்: ஆடியில, கை தூக்க முடியலன்னு உங்களச் சோறாக்க வச்சேன்ல.

சின்னக்கருப்பன்: மூட்டை தூக்குன வலின்னு சொன்ன!

பொன்னுத்தாய்: மூட்டைய நீங்கதான தூக்குனீங்க.

சின்னக்கருப்பன்: ...எங்க வச்சுப் போட்ட?

பொன்னுத்தாய்: இந்தா, இதே கல்லுக்கு அங்கிட்டுதான். ஊசி ஊருக்குள்ள வரலயே.

சின்னக்கருப்பன்: ஆத்தாடி... அப்ப இன்னைக்கு ரெண்டாவது ஊசிக்கு வந்தியாக்கும்?

பொன்னுத்தாய்: அப்படித்தான் வச்சுக்கங்க.

சின்னக்கருப்பன்: நர்ஸம்மா! ஊர்ல வேற யாரெல்லாம் இப்படிக் குதிரை தேடி வந்தாங்க?

மணிமேகலை: அதச் சொல்லக்கூடாதுண்ணே. அது அவங்கவங்க சொந்த விசயம்.

சின்னக்கருப்பன்: முகேஷ்?

மணிமேகலை: சொல்லக்கூடாது.

சின்னக்கருப்பன்: பூசாரி?

மணிமேகலை: சொல்லக்கூடாது.

சின்னக்கருப்பன்: கற்பூரம் வாங்கிட்டு வந்த ஞானவேலு?

மணிமேகலை: சொல்லக்கூடாதுண்ணே.

சின்னக்கருப்பன்: சின்னக்கருப்பன்?

மணிமேகலை: அவரு இன்னும் போடல.

சின்னக்கருப்பன்: அப்ப இந்த ஊர்ல சத்தியத்தக் காப்பாத்துனது நான் ஒருத்தன்தானா?

பொன்னுத்தாய்: ஆமா. பெருமையா இருக்கு. கல்லத் தாண்டி வாங்க.

சின்னக்கருப்பன்: எதுக்கு?

பொன்னுத்தாய்: சட்டைக் கைய மடிங்க.

சின்னக்கருப்பன்: இன்னைக்கு நாளு சரியில்ல.

பொன்னுத்தாய்: வெள்ளிக்கிழமைக்கு என்ன கேடு?

சின்னக்கருப்பன்: சாப்பிடல.

பொன்னுத்தாய்: மூணு தோசை தின்னீங்க.

சின்னக்கருப்பன்: நர்ஸம்மா... அந்த ஊசி எம்புட்டு நீளம் இருக்கும்?

மணிமேகலை: ரொம்பச் சின்னதுதாண்ணே. ஏன் வேர்க்குது உங்களுக்கு? இந்தக் குளுருல.

பொன்னுத்தாய்: ஏங்க, என்னையப் பாருங்க. அந்தக் கற்பூரத்த எதுக்கு அணைச்சீங்க? நெசத்தச் சொல்லுங்க.

சின்னக்கருப்பன்: ...பள்ளிக்கூடத்துல அம்மை குத்த வந்தப்பவே சன்னல் வழியாக் குதிச்சு ஓடுனவன் நானு. அந்தப் பயம் இன்னும் போகல. பொம்பளைக, பிள்ளைக நிக்கிற எடத்துல அதச் சொல்ல முடியுமா? கைக்குக் கெடச்சது கற்பூரந்தான்.

பொன்னுத்தாய்: உடம்பு என்னுது, சட்டம் யாருதுன்னு ஊரெல்லாம் பேசுனதெல்லாம்?

சின்னக்கருப்பன்: அதுவும் நெசந்தான். ஆனா பயம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு.

மணிமேகலை: அண்ணே, பங்குனி உத்திரத்துக்கு வருசா வருசம் கன்னத்துல அலகு குத்திக்கிட்டுல்ல பழனி போறீங்க! அது எம்புட்டு நீளம்!

சின்னக்கருப்பன்: அது வேற தாயி. அதக் குத்துறப்ப முருகன் வந்துருவான். ஒண்ணும் தெரியாது. இதுக்கு யாரு வருவா?

பொன்னுத்தாய்: நான் வந்திருக்கேன்ல. எனக்கு ரெண்டு ஊசியும் போன மாசமே முடிஞ்சிருச்சு. இன்னைக்கு நர்ஸம்மாவ வரச்சொன்னது உங்க ஒருத்தருக்காகத்தான். கையக் குடுங்க.