அந்தம்மா போட்ட ம்

அது அப்படி இல்லக்கா, திருப்பிப் போட்டிருக்கீங்க. முடிச்சு முன்னாடி வரணும். இப்படியே போனீங்கன்னா உள்ள மறுபடி கழட்டச் சொல்லுவாங்க. திரும்புங்க, நான் அவுத்து விடுறேன். வெக்கமென்ன, எல்லாருக்கும் இருக்குறதுதானே உங்களுக்கும் இருக்கு. ஆங், இப்பக் கைய விடுங்க. இந்தக் கவுனத் தச்சவன் பொம்பளன்னு ஒருத்தியத் தூரத்துலருந்து கூடப் பாத்திருக்க மாட்டான். தோள்ல ரெண்டு பேர் நுழையலாம், நெஞ்சுல ஒருத்திக்கே பத்தல. நான் துணி ஆல்டர் பண்ற ஆளு, அதான் கண்ண உறுத்துது.

உக்காருங்க. உங்களுக்கு முன்னாடி உள்ள ஒருத்தங்க இருக்காங்க. ஸ்கேனுக்கு முதல் தடவையா? அதான் தெரியுதே. முதல் தடவ வர்றவங்கதான் செருப்ப இப்படி ஜோடியா சுவத்தோரமா வச்சுட்டு உக்காருவாங்க, பரிட்ச எழுத வந்த மாதிரி. கட்டி தட்டுப்பட்டுச்சா? குளிக்கும்போதா. எந்தப் பக்கம்? இடதா. சரி. வீட்ல சொன்னீங்களா? சொல்லலையா. கூட யாரும் வரலையா. நல்லாருக்கு போங்க.

பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றவங்களக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனா இங்க வந்தீங்க பாருங்க, அது புத்திசாலித்தனம். நான் முன்னாடி போய்க்கிட்டிருந்தது வேற இடம். பாலத்துக்கு அந்தப் பக்கம், மாடியில, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ள மீன் தொட்டியெல்லாம் வச்சிருக்குமே, தெரியுமா? தெரியாதா. தெரியாட்டி நல்லது.

அங்க ஒரு டாக்டரம்மா. மார்பு ஸ்கேனுக்குன்னே தனியாப் படிச்ச பெரிய டாக்டராம். வாசல்ல போர்டுல பேருக்குப் பின்னாடி எழுத்தா எழுதி வச்சிருக்கும், பேர விட வால் நீளம். அத்தன எழுத்து படிச்சும் வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லப் படிக்கல.

உள்ள போனா மூஞ்சியப் பாக்காது. சத்தியமாக்கா. ரெண்டு மூணு வருஷம் போயிருக்கேன், என் மூஞ்சி சதுரமா வட்டமான்னு அதுக்குத் தெரியாது. கதவத் தொறந்ததும் கண்ணு நேரா இங்க வரும், அப்புறம் அந்த ஸ்கேன் டிவிக்குப் போயிரும். என் புருஷனே கல்யாணமான புதுசுல ஒரு மரியாதைக்காச்சும் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கீழ பாத்தாரு.

கையா அது. ஐஸ் பெட்டியில வச்சு எடுத்துட்டு வருமோ என்னமோ. அந்த ஸ்கேன் ஜெல்லு கொழகொழன்னு இருக்குமே, அத வேற சொல்லாம கொள்ளாம மேல ஊத்தும். ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு அமுக்குற மிஷினும் அதேதான் வந்து போடும், மத்த ஆளுங்க மேல நம்பிக்க கிடையாதாம். நான் கடையில காலருக்குக் கூட அப்படி அழுத்தி இஸ்திரி போட்டதில்ல. மூச்ச நிறுத்துங்கன்னும். நிறுத்துவோம். படத்த எடுத்துட்டு, அதயே பாத்துகிட்டு நிக்கும். விடுங்கன்னு சொல்லவே சொல்லாது. ஒரு தடவ கண்ணுல பூச்சி பறக்க ஆரம்பிச்சதும் நானா விட்டேன்.

எனக்கு முன்னாடி ஒரு டீச்சர் உள்ள போனாங்க. கையத் தலைக்கு மேல தூக்கிப் படுங்க, அசையாதீங்கன்னுட்டு அந்தம்மா போன் பேச வெளிய போயிருச்சு. போனது போனதுதான், அடுத்த ரூமுல வேற ஆளப் பாக்க ஆரம்பிச்சிருச்சு. டீச்சர் தூக்கின கை தூக்கினபடி கெடக்குறாங்க. கூட்டிப் பெருக்க வந்த ஆயா பாத்துதான் எறக்கி விட்டுச்சாம். காலம் பூரா புள்ளைங்கள கை தூக்க வச்ச மனுஷி, கடைசியில அவங்கள ஒருத்தி தூக்க வச்சுட்டா. சிரிங்கக்கா. சிரிப்பு வரலையா. சரி விடுங்க.

என்னது, வேலை ஜாஸ்தியா இருந்திருக்குமா? நீங்க எதுக்கு அந்தம்மாவுக்குப் பரிஞ்சுகிட்டு வர்றீங்க. எனக்கும்தான் பள்ளிக்கூடம் தொறக்குற சமயத்துல யூனிபாரம் மலையா வந்து குவியுது. அதுக்காக அளவு பாக்க நிக்கிற ஆளு இடுப்புல குண்டூசியக் குத்திட்டு, அய்யோன்னு கூடச் சொல்லாம அடுத்த ஆளுக்குப் போயிருவேனா.

இதெல்லாம் கூட மன்னிச்சுரலாம். என் தையல் மிஷின் போச்சே, அத எப்படி மன்னிக்கிறது. கேளுங்க. ஒரு நாளு அந்தம்மா ஸ்கேன் கருவிய அப்படியே தேச்சுகிட்டே வந்துச்சு, வலது பக்கம் ஒரு எடத்துல நின்னுச்சு. கண்ணச் சுருக்கிகிட்டு ஒரு ம் போட்டுச்சு. அவ்வளவுதான். என்னங்கம்மான்னு கேட்டேன். அடுத்த வாரம் வாங்க, ஊசி போட்டுப் பாக்கணும்னுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

அந்த ம் ஒண்ணத் தூக்கிகிட்டு வீட்டுக்குப் போனேன். என் புருஷன், எப்படிச் சொன்னாங்க, சொல்லிக் காட்டுன்னாரு. காட்டினேன். இது சும்மா தொண்டையச் செருமினதுன்னாரு. நாத்தனா வந்தா. அவளுக்கும் சொல்லிக் காட்டினேன். இல்லண்ணி, இது முடிஞ்சு போச்சுங்குற ம்முன்னு மூக்க உறிஞ்சினா. அந்த வாரம் பூரா எங்க வீட்ல பேச்சு சத்தத்த விட ம் சத்தம்தான் ஜாஸ்தி. நான் போயிட்டேன்னே முடிவு பண்ணிட்டேன். பொண்ணுக்கு சிலிண்டர் மாத்தச் சொல்லிக் குடுத்தேன். புருஷனுக்கு உப்பு எந்த டப்பாவுலன்னு காட்டினேன், அந்தாளு அடுப்படிய உள்ள வந்து பாத்ததே அன்னிக்குத்தான். போறது போறோம், நல்ல பேரோட போவோம்னு என் தையல் மிஷின எடுத்து நாத்தனாகிட்ட குடுத்துட்டேன். அழுதுகிட்டே வாங்கிட்டுப் போனா. அழுகைதான் வந்துச்சே தவிர, வேணாம்னு ஒரு வார்த்த வரல.

அடுத்த வாரம் ஊசி போட்டுச்சு. உறிஞ்சுச்சு. வெறும் தண்ணி. நீர்க்கட்டியாம். அத எப்படிச் சொல்லுச்சு தெரியுமா? எனக்கு முதுகக் காட்டிக் கை கழுவிகிட்டே, தண்ணிதான், போலாம். குழாய் சத்தத்துல எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. அப்ப அன்னிக்கு ஏங்க ம் போட்டீங்கன்னு கேட்டேன். என்னிக்குன்னு கேக்குது.

நாத்தனாகிட்டப் போய் மிஷினக் கேட்டா, ஒடம்பு நல்லாயிருச்சேன்னு சந்தோஷப்படாம குடுத்ததத் திருப்பிக் கேக்குறீங்களேண்ணிங்குறா. நான் செத்திருந்தா அவ நல்லவளாவே இருந்திருப்பா. நான்தான் பொழச்சு வந்து அவளக் கெட்டவளாக்கிட்டேன். இப்ப முதலாளி மிஷின்ல உக்காந்து கூலிக்குத் தைக்கிறேன். எல்லாம் ஒரு ம்முனால.

அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே அந்த வாசப்படிய மிதிக்கிறதில்லன்னு. ரெண்டு பஸ் மாறி இங்க வர்றேன். இங்க இருக்குறது ஒரு சின்னப் பொண்ணு. நகத்துல சாயம், காதுல பெரிய வளையம், பாத்தா டாக்டர்னே தோணாது. ஆனா இப்ப சில்லுன்னு இருக்கும்க்கா, இப்ப அமுக்கப் போறேன்க்கா, அவ்வளவுதான், மூச்ச விட்டுருங்கக்கான்னு தொணதொணன்னு பேசிகிட்டே இருக்கும். நமக்கு அந்தப் பேச்சக் கேட்டுகிட்டிருக்கும்போதே வேலை முடிஞ்சு போயிரும்.

என்னக்கா, அந்த முடிச்சயே நோண்டிகிட்டிருக்கு உங்க கை. குடுங்க இங்க. அடேயப்பா, இன்னும் அப்படியேதான் இருக்கு. ஐஸ் பெட்டி.

இழுக்காதீங்க டாக்டரம்மா. இருக்கட்டும், கொஞ்சம் சூடேறட்டும். எப்பத் தெரியும்னா கேக்குறீங்க? நீங்க உள்ள வந்ததும் நர்ஸு, கூப்புடுவாங்க உக்காருங்கன்னுச்சுல்ல, அதுக்கு ஒரு ம் போட்டீங்க. அந்த ம் ஒண்ண ஒரு வாரம் மனப்பாடம் பண்ணவ நான், எனக்குத் தெரியாதா. உங்களுக்கு என்னய அடையாளம் தெரியல, அதுல தப்பில்ல. நெஞ்ச மூடிகிட்டு உக்காந்திருக்கேன், எப்படித் தெரியும்.

நான் உங்ககிட்டருந்து ஓடி வந்தேன், அது சரி. நீங்களும் உங்ககிட்டருந்து ஓடி வந்துட்டீங்களே, அதத்தான் என்னால நம்ப முடியல. ஏன், உங்க ஆளுங்க முன்னாடி அவுக்கக் கூச்சமா? இவ்வளவு காலம் எங்களயெல்லாம் இதப் போட்டுட்டு வரச் சொன்னீங்க, முடிச்சு எந்தப் பக்கம் வரும்னு உங்களுக்கே தெரியல பாருங்க.

அழாதீங்க. அழுதா உள்ள படம் ஆடும். நீங்கதான் எங்களுக்குச் சொன்னது.

என்னோடதா? அது எப்பவோ முடிஞ்சு போச்சு. ஒண்ணுமில்லக்கான்னு அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிருச்சு. துணி மாத்திட்டுப் போலாம்னுதான் இங்க வந்தேன். நீங்க வந்தீங்க. கெடச்சா விடுவேனா, நாலு கேள்வி நல்லா கேட்டுட்டுப் போலாம்னு கவுனோடயே உக்காந்துட்டேன். கேட்டாச்சு.

அந்தா, கூப்புடுறாங்க. போங்க. செருப்பு கெடக்கட்டும், எவளும் தூக்கிட்டுப் போக மாட்டா, நான் இங்கதான் இருப்பேன். எனக்கென்ன, பஸ்ஸு வந்துகிட்டேதான் இருக்கும். அந்தப் பொண்ணு மூச்ச நிறுத்தச் சொல்லும், அப்புறம் விடச் சொல்லும். சொன்ன உடனே விட்டுரணும், என்ன?

ம் போடாதீங்க. வாயத் தொறந்து சரின்னு சொல்லுங்க.