ஹவ்வாவின் இரண்டு கன்னங்கள்

முகத்துக்குக் கிறீம் பூசுகிறவர்கள் பெரும்பாலும் கழுத்தை மறந்துவிடுகிறார்கள், இன்ஸ்பெக்டர் சேர். மதுரங்குளியில் பதினொரு வருசம் மணப்பெண்களுக்கு முகம் செய்து கொடுத்தவள் நான். பஸீஹா ராத்தா என்றால் சந்தியில் எல்லாருக்கும் தெரியும்.

என் முகத்திலும் மங்கு இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து எங்களை விரட்டி, இங்கே வந்த பிறகு, சின்ன வயதில் உம்மாவோடு உப்பளத்தில் நின்றதில் வந்தது. உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் கீழேயிருந்தும் சுடும். அழகு நிலையக்காரியின் முகமே கறுத்திருந்தால் யார் நம்பி வருவார்கள்?

யுத்தம் முடிந்து ஆறாம் வருசம் என்னிடம் இரண்டு மருந்து இருந்தது. ஒன்று தோல் டொக்டர் எழுதிய களிம்பு. மெதுவாகத்தான் குணம் தெரியும் என்றார். மற்றது கொழும்பில் வாங்கிய, பெயரில்லாத வெள்ளைக் கிறீம். பார்மசியில் வேலை செய்யும் சிநேகிதி மக்டலின் அதைப் பார்த்ததும், "இதுகளில பாதரசம் இருக்கும், பஸீஹா. பூசாதே. சிறுநீரகம் போயிடும்" என்றாள். நான் பூசவில்லை.

அந்தக் கிழமைதான் ஹவ்வா வந்தாள். இருபத்திரண்டு வயது, உப்பளத்தில் வேலை, என்னைப்போலவே இரண்டு கன்னத்திலும் கறுத்த மங்கு. பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

"ஏதாவது செய்ய ஏலுமா ராத்தா?"

"ஓம். ஆனா நான் பூசுறத மட்டும்தான் பூசணும்."

இடது கன்னத்துக்குக் களிம்பு, வலது கன்னத்துக்கு வெள்ளைக் கிறீம். ஒரே முகம், ஒரே வெயில். தினமும் வேலை முடிந்து வருவாள். கிழமைக்கொரு படம் எடுத்தேன். உங்கள் மேசையில் இருப்பவை அவைதான். மூன்றாம் கிழமையே வலது பக்கம் வெளுத்தது. கண்ணாடியைப் பார்த்துச் சந்தோசத்தில் அழுதாள்.

"இதையே ரெண்டு பக்கமும் பூசுங்களேன், ராத்தா."

அவசரப்படாதே என்றேன். அப்படிப் பூசினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

இரண்டாம் மாதம் கால் வீங்கியது. "உப்புத் தண்ணியில நிக்கிறதாலதானே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு கண்ணிமையும் வீங்கியது. ஆஸ்பத்திரியில் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்களாம். சொன்னால் டொக்டர்மார் ஏசுவார்கள் என்று நான் முன்னமே சொல்லி வைத்திருந்ததால் வாய் திறக்கவில்லை. நல்ல பிள்ளை.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் களிம்பு அந்த நாட்களில்தான் இடது கன்னத்தில் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. இன்னும் ஆறு கிழமை பார்க்காமல் எது நல்லதென்று எப்படிச் சொல்வது? அவளால் நடக்க ஏலாமல் போனதும் வீட்டுக்கே போய்ப் பூசினேன். அவளுடைய உம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஹவ்வா மௌத்தானாள்; அன்றே அடக்கம் செய்தார்கள். அந்த வெள்ளைக் கிறீம் நஞ்சு என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் பூசினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் களிம்பைத்தான் பூசுகிறேன். எட்டு மாதத்தில் மங்கு பாதிக்குமேல் போய்விட்டது, நீங்களே பாருங்கள். அவளுடைய உம்மா என் முகத்தில் முழிக்கமாட்டேன் என்கிறார். நீங்கள் போனால் சொல்லுங்கள், சேர்: மகள் வீணாகப் போகவில்லை. மதுரங்குளியில் இனி ஒரு பிள்ளையும் அந்த வெள்ளைக் கிறீமைப் பூசாது. நான் விடமாட்டேன்.