பரிபூரணம் அக்கா ஊறப்போட்ட உளுந்து

அனுசியா: இன்னும் எம்புட்டு நேரந்தாங்க தொடைப்பீங்க? பேனல் முகம் பாக்குற கண்ணாடி கணக்கா ஆயிருச்சு.

வைகுண்டராஜ்: பஞ்சுத் தூசி படிஞ்சா சோலார்ல கரண்ட் கொறையும். இப்பப் போயி கிரைண்டரைப் போடு.

அனுசியா: போட்டுட்டுத்தான் வாரேன். சுத்தல. ஃபேனும் ஓடல.

வைகுண்டராஜ்: மேகம் எதுவும்...

அனுசியா: மேகமா? மாடியில கால் வைக்க முடியல! மலைப்பக்கம் கூட பொட்டு மேகம் இல்ல.

வைகுண்டராஜ்: மூணு கிலோவாட்னா எந்நேரமும் மூணும் வராது, அனுசியா. காலையில கம்மி, உச்சியில கூட, சாயங்காலம்...

அனுசியா: இப்ப உச்சிதான? மத்த நாள் இந்நேரம் மோட்டாரு, துணி மெஷினு எல்லாம் ஓடுதே. இன்னைக்கு மீட்டர்ல முட்டைதான் காட்டுது.

பரிபூரணம்: தம்பீ! மாடியேற மூட்டு விடல, கீழ இருந்தே கேக்கேன். உளுந்தைப் போட்டுரலாமா?

வைகுண்டராஜ்: செத்த நேரம் இருங்கக்கா!

பரிபூரணம்: மாசாந்திர ஷட்டவுன்லயும் எங்க வீட்ல கரண்ட் இருக்கும், வாங்கன்னீங்க. அதை நம்பித்தான் ஊறப்போட்டேன். நாலு மணிக்கு எம்மக இந்துவைப் பொண்ணு பாக்க வாராவ. வடை போடணும்லா!

அனுசியா: கேட்டீங்களா? ஊருக்குக் கரண்ட் வர அஞ்சு மணியாகும். பக்கத்து வீட்டுக்காரவ மானம் உங்க பேனல்ல தொங்குது.

வைகுண்டராஜ்: ஸ்ரீவில்லிபுத்தூர்ல இன்னைக்கு ஷட்டவுன் இல்ல. உன் தங்கச்சி ஆனந்தவல்லி வீட்ல கிரைண்டர் இருக்குல்ல?

அனுசியா: இருக்கு...

வைகுண்டராஜ்: உளுந்தைத் தூக்குவாளியில போடு. பைக்ல போயி ஆட்டிட்டு வந்துருதேன்.

அனுசியா: நீங்க ஆட்டினா வடை இல்ல, கல்லுதான் வரும். நானும் வாரேன்.

வைகுண்டராஜ்: அக்கா! மூணு மணிக்குள்ள மாவு உங்க கையில இருக்கும்!

பரிபூரணம்: ஏன் தம்பி, சூரியனுக்கு லீவா?

வைகுண்டராஜ்: ...ஆமாக்கா.

அனுசியா: ஏங்க, பைக்கை மெதுவா ஓட்டுங்க. வாளி தளும்புது.

வைகுண்டராஜ்: நாலு மணிக்கு வந்துருவாவளேட்டி.

அனுசியா: ஒண்ணு சொல்லணும்... வையக் கூடாது.

வைகுண்டராஜ்: சொல்லு.

அனுசியா: போன மாசம் ஷட்டவுன்ல, மில்லுல இருந்து போன் பண்ணி ஃபேன் ஓடுதான்னு கேட்டீங்கள்ல?

வைகுண்டராஜ்: ஜம்முன்னு ஓடுதுன்னியே!

அனுசியா: ஓடல. வேர்த்து வடிஞ்சு வாசப்படியில உக்காந்திருந்தேன். புதுசா மாட்டிட்டு அம்புட்டு ஆசையாக் கேட்டீங்க. இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல... என்னங்க, கோவமா?

வைகுண்டராஜ்: கோவமெல்லாம் இல்ல... மாட்ட வந்த ஃபிட்டர் அன்னைக்கே சொன்னாரு. இது பேட்டரி இல்லாத செட்டு, லைன்ல கரண்ட் நின்னா இதுவும் தானா நின்னுரும், இல்லன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்குறவங்களுக்கு ஷாக் அடிச்சிரும்னு. சொன்னா நீ பேனலே வேண்டாம்னுருவன்னு மறைச்சுட்டேன். பொறவு நீ ஓடுதுன்னு சொன்னியா... ஃபிட்டருக்குத்தான் விவரம் பத்தலன்னு நெனச்சு, நான் போயி தெருவையே கூப்பிட்டுட்டேன்.