திருந்தியவன் வீடு திரும்பட்டும்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நம் நாடக மன்றத் தலைவர் அருள்பிரகாசம் அண்ணன் அவர்களே, துறைமுகத் தொழிலாளர் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஃப்ளோரா அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். நான் பேசுவதையும் இங்கே நடப்பதையும் நம் மன்றத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் அப்படியே எழுதியும் வைப்பேன்.

நம் மன்றத்தின் குணச்சித்திர வேந்தர், ஃப்ளோரா அண்ணியின் கணவர் பாஸ்கல் அண்ணன் மறைந்துவிட்டார்! சற்று முன் தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். இந்த ஈஸ்டர் நாடகத்தை அண்ணனுக்குக் காணிக்கையாக்குவோம், தோழன் சாகும் காட்சியை இன்னும் பெரிதாக்குவோம் என்றார். அந்தக் காட்சி வேண்டாம் என்று கேட்கத்தான் எழுந்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இது எதற்கு என்று யாரும் கோபிக்க வேண்டாம். திரைக்குப் பின்னால் நின்று அவருக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள் நான்.

அவர் கட்டிய வேஷம் என்ன? நாயகனின் தோழன். ஒரு வருஷம் அவர் பெயர் மருதன், மறு வருஷம் சாமுவேல். கதை மட்டும் மாறாது. முதலில் நாயகனோடு ஒரே தட்டில் சாப்பிடுவார். நடுவில் காட்டிக்கொடுப்பார். கடைசியில் மனம் வருந்தி, நாயகனுக்கு வந்த ஈட்டியைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாவார். அந்த வேஷத்தை ஏன் எப்போதும் அவருக்கே கொடுத்தார்கள்? இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்து வேலை நிறுத்தத்தில் ஒரு நாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். அன்று முதல் அவர் பெயர் கருங்காலி.

ஏன் போனீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். "காரணம் சொன்னா கதையாப்பூடும் பாப்பா. போனது தப்பு. அவ்ளோதான்," என்றார்.

அடுத்த வேலை நிறுத்தத்தில் கஞ்சித் தொட்டியில் அண்டா தேய்த்தவர் யார்? பாஸ்கல் அண்ணன்! அந்த அண்டாவில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தோம். குடிக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தோமா?

போன வருஷ நாடகத்தில் அவர் செத்து விழுந்தபோது மீன்காரி அங்கம்மா அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் காலை அண்ணன் மீன் வாங்கப் போனபோது அக்கா கூடையைத் துணியால் மூடிவிட்டார்.

"நேத்து எனக்காவ அப்டி அய்தியே யக்கா?"

"அது செத்தவனுக்கு. நீதான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே, போ அப்பால!"

இதை அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த ஒத்திகையில் தலைவரிடம் கேட்டார்: "இன்னாண்ணே, திருந்துன ஒடனே ஈட்டியத் தூக்கிச் சொருவிடறீங்க? திருந்துனவன் மக்யா நாளு வேலைக்கிப் போவக் கூடாதா?"

"அடப் போ நைனா! நீ பொயச்சிக்கினா ஜனம் இன்னாத்துக்கு அய்வும்? பாயத் தூக்கினு வர்றதே நீ சாவறதப் பாக்கத்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப உசுரோட கீறவன இன்னா பண்றது?" என்று கேட்டார் அண்ணன்.

போன மாதம் கிரேன் கயிறு அறுந்தது. கீழே நின்ற நம் தோழர் உச்சிமாகாளி அண்ணனைத் தள்ளிவிட்டுப் பாஸ்கல் அண்ணன் சுமைக்கு அடியில் மாட்டிக்கொண்டார். அடக்கத்தன்று அவர் பெட்டியைத் தூக்க எத்தனை தோள்கள்! உயிரோடு இருந்தபோது அந்தத் தோள்கள் எங்கே இருந்தன?

இங்கே பேசியவர்கள், அவர் சாவு அவர் பழியைக் கழுவிவிட்டது என்றார்கள். பெரியோர்களே, அந்தப் பழியை அவர் அண்டா தேய்த்தே கழுவிவிட்டார். நாம்தான் பார்க்கவில்லை. நான் நூலகத்தில் எடுத்துப் படிக்கும் கதைகளிலும் தவறு செய்த தோழன் கடைசிப் பக்கத்துக்குள் செத்துப்போகிறான். அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. செத்தவனுக்கு மாலை போட்டால் போதும். உயிரோடு இருப்பவனுக்குப் பாயில் இடம் விட வேண்டும்!

ஆகையால் தலைவர் அவர்களே, இந்த வருஷம் தோழன் சாக வேண்டாம். திருந்தி வீட்டுக்கு வரட்டும். அந்தக் காட்சி வரும்வரை, வருஷா வருஷம் இதே மேடையில் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். பாஸ்கல் அண்ணன் விட்டுப்போன வேலை அதுதான். அதை நாம் செய்வோம்.

நான் பேசியது இவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசறது சுளுவு ஆலிசு. காட்டிக்குடுத்துட்டு உசுரோட திரும்பி வர்ற வேஷத்த எவன் கட்டுவான்? ஜனம் கல்லால அடிக்கும்."

பின்வரிசையில் உச்சிமாகாளி அண்ணன் எழுந்தார். அன்று அடிபட்ட கையில் இன்னும் கட்டு இருந்தது. "நான் கட்டறேன்."

"உனக்கு நாலு வசனம் சேந்தாப்ல வராதேப்பா."

"வூட்டுக்குத் திரும்பி வர்றவனுக்கு இன்னாண்ணே வசனம்? வாசல்ல வந்து நிப்பேன். உள்ள கூப்டுவாங்களா மாட்டாங்களான்னு நிப்பேன். பாஸ்கலு அப்டி நின்னத நான் பாத்துகினுதான இருந்தேன், ஒரு வார்த்த பேசாம."

ஃப்ளோரா அண்ணி திரும்பிப் பார்க்காமலே, "ரொம்ப நேரம் நிக்க வெக்காதீங்கண்ணே," என்றார் தலைவரிடம்.

தலைவர் தலையை ஆட்டினார். "எய்திக்கினு வா, ஆலிசு."

பங்குத்தந்தை ஜெபம் சொன்னார். நாற்காலிகளை அடுக்கினார்கள். மன்றத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.