ஷிராஸுக்கு ஓர் அறை

கைக்குட்டை நனைய நனைய வியர்வை துடைத்தபடி அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா ஜகேசர் அவர்களே! இமாம் ஹமீது அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோரே! பெற்ற பிள்ளைகளைப் பொத்திப் பொத்திக் காக்கும் என் தாய்மார்களே! விடிந்ததும் என் கடைக்கு வந்து கடலை வைத்த டபுள்ஸ் ரொட்டி தின்று, மிளகாய் போதவில்லை என்று அதட்டும் அன்புத் தம்பிகளே! அனைவருக்கும் நஸ்ரீனின் ஸலாமும் வணக்கமும்!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சிரியாவுக்குச் சண்டை போடப் போன என் மகன் ரியாத் திரும்பவில்லை. அந்த நஞ்சை அவன் நெஞ்சில் முதலில் விதைத்தவன் யார்? பக்கத்துத் தெரு ஷிராஸ்! அவன் திரும்பினான். சிறையிலிருந்தான். திருந்தினான் என்றார்கள். திருந்தினால் எனக்கென்ன? என் மகனைத் தந்தானா?

யாரது பின்னால், "அப்படிக் கேளுங்க" என்பது? பொறு தம்பி, கைதட்டலைக் கையிலேயே வைத்திரு.

வழி தவறும் பிள்ளைகளோடு பேச, இந்த மன்றத்தில் ஷிராஸுக்கு ஓர் அறை கேட்கிறார் இமாம். கூடவே கூடாது என்கிறது உங்கள் மனு. இன்று முடிவு சொல்ல வேண்டும்.

இந்தக் கூரைக்குக் காங்கிரீட் போட்ட ஞாயிறு நினைவிருக்கிறதா? கயாப் வேலை. கூலி கிடையாது; கைகொடுத்தவர் எல்லோருக்கும் ஒரே பானைச் சோறு. பாதிக் கூரையில் கலவை இயந்திரம் படுத்துவிட்டது. வானம் கறுத்தது. நிறுத்தினால் கூரை காலமெல்லாம் ஒழுகும்! கொத்தனார் கிளைட் கத்தினார்: "நஸ்ரீன், சோத்துக் கரண்டியைப் போட்டுட்டு வரிசைக்கு வா! ஆள் பத்தல!"

ஓடினேன். ஏணிப்படியில் கைமாறிக் கைமாறி வாளி வந்தது. எனக்குக் கீழே ஓர் ஆள் குறைந்தது. அங்கே வந்து நின்றான் ஷிராஸ்.

"உன் கையால எதையும் வாங்க மாட்டேன்டா!"

"அப்புறமா திட்டுங்க ஆன்ட்டி. கலவை இறுகுது."

"உங்க சண்டை முடியட்டும்னு மழை காத்திருக்குமா? வாங்கு நஸ்ரீன்!" என்றார் கிளைட்.

வாங்கினேன். வாளிக்கு ஒரு வசவு கொடுத்தேன். அவன் அடுத்த வாளியை நீட்டினான்.

வேலை முடிந்தது. பந்தியின் கடைசியில், தட்டெடுக்கத் தயங்கி நின்றான். கைகொடுத்தவனுக்குச் சோறு மறுத்தால் அது கயாப்பா? பெலாவ் சோறு அள்ளி வைத்தேன். முதல் வாயிலேயே அழுதுவிட்டான்.

"ரியாத் கடைசி வாரம் பூரா இந்தச் சோத்தைப் பத்தியே பேசினான் ஆன்ட்டி. வீட்டுக்குப் போகணும்னான். நாந்தான் விடல."

அன்று நான் வாங்கியதிலேயே கனத்தது அந்தச் சொல்தான். மன்னித்தேனா? இல்லை. இன்றும் முழுதாக இல்லை.

ஆனால், சென்ற மாதம் நம் பிள்ளை ஒருவன் அதே வழியில் போகப் பெட்டி கட்டினானே! இமாம் பேசினார், கேட்கவில்லை. நான் கெஞ்சினேன், மசியவில்லை. ஷிராஸ் மூன்று நாள் எதிரில் உட்கார்ந்தான். "நான் அங்க என்ன பண்ணேன்னு சொல்றேன். கேட்டுட்டுப் போ" என்றான். பிள்ளை போகவில்லை. அவன் தாய் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். பேர் கேட்காதீர்கள்.

மனுவை எனக்காகவா எழுதினீர்கள்? என் மகன் பேரைச் சொல்லி இன்னொருத்தி மகனை இழப்பதா? போன பிள்ளையை மீட்க முடியாது. போகவிருக்கும் பிள்ளையை மறிக்க முடியாதா? முடியும்! முடிந்தது! இன்னும் முடியும்!

தலைவரே, மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. கூரை போடுவதற்கு முன்னால் போட்டது. இதோ, அதைக் கோடிட்டு அடிக்கிறேன்.

ஷிராஸ்! வாசலில் ஏன்டா நனைகிறாய்? உள்ளே வா. நாம் போட்ட கூரைதான், ஒழுகாது.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், இப்போது நகர்ந்து அவனுக்கு இடம் விடுகிற முன்வரிசைக்கும் என் நன்றி. வணக்கம்!