சுண்ணாம்பு ஏறாத சுவர்

வெகு காலத்துக்கு முன்னால், பெரிய கண்மாய்க்கு மேற்கே புளியடிமேடு என்று ஓர் ஊர். அந்த ஊரில் இஞ்ஞாசியம்மாள் என்று ஒருத்தி இருந்தாளாம். அவள் புருஷன் கோயில்பிள்ளை. கோயிலைக் கூட்டி, விளக்கேற்றி, மணியடித்து, சாவியைக் காத்தவன். அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் சாவி இவள் இடுப்புக்கு வந்ததாம். ஊர்த் தலைவர் தொம்மைக்கு அது பிடிக்கவில்லை. பொம்பளை கையில் கோயில் சாவியா என்று முனகிவிட்டு, கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம் என்றாராம். சாவி போனால் கோயிலை ஒட்டின குச்சுவீடும் போகும். அந்தக் குச்சை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

அந்த வருஷம்தான் கூரைக் கோயிலை ஓட்டுக் கோயிலாகக் கட்டி முடித்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் சாமியார் வந்து மந்திரித்து முதல் பூசை வைப்பதாக ஏற்பாடு. உள்சுவர் முழுக்க இஞ்ஞாசியம்மாள் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தாளாம். பால் மாதிரி வெளுப்பு. பிள்ளைகள் தொட வந்தால் கையை ஒடிப்பேன் என்பாளாம்.

மழை பிடித்தது. பிடித்த மழை விடவே இல்லையாம். பண்டிகைக்கு முந்தின நாள் சாமியாரைக் கூட்டிவரத் தொம்மையும் ஆம்பளைகளும் அக்கரை போனார்கள். போன பிறகு கண்மாய் உடைந்ததாம். பாதை போச்சு. பூசை போச்சு. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற சாமி சுரூபங்களும் சாமியாரோடு அக்கரையில். பொம்பளைகள் பலகாரச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அழுதார்களாம்.

அன்று சாயங்காலம் கோயில் மேட்டில் ஒரே ஆட்டுச் சத்தம். ஊர் ஊராகக் கிடை போடுகிற கீதாரி மாயழகு, மந்தையோடு நனைந்துகொண்டு நின்றாராம். பாதி சினையாடு. அவர் பெண்சாதி தலையில் ஒரு கூடை, கூடைக்குள் குட்டிகள்.

"தாயி, குட்டி வெறைக்குது. கதவைத் திறந்து விடு."

"புதுக் கோயிலு, கீதாரி. இன்னும் மந்திரிக்கக்கூட இல்லை. நாளைக்கு எங்க சாமி பொறந்தநாளு."

கீதாரி வம்புக்குக் கேட்கவில்லையாம். குட்டியின் காதைத் தேய்த்துவிட்டபடி, தெரியாமல்தான் கேட்டாராம்.

"உங்க சாமி எங்க பொறந்துச்சு?"

"மாட்டுத் தொழுவத்துல" என்றாளாம் இவள், பெருமையாக. சின்ன வயசில் மனப்பாடம் பண்ணின பதில், தானாக வந்துவிட்டது. சொன்ன சொல் அவள் காதிலேயே விழுந்ததாம். தொழுவம். திரும்பி ஒரு தரம் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாளாம். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாளாம்.

விடிந்து பார்த்தால் சுவரெல்லாம் செம்மண், கறுப்பாடெல்லாம் வெள்ளை.

மழை வெறித்து, பனங்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி அக்கரை போனவர்கள் மிதந்து வந்தார்கள். வழியில் சுரூபப் பெட்டி தண்ணீரோடு போய்விட்டதாம். தொம்மை வாசலில் நின்று உள்ளே பார்த்தாராம். புழுக்கை, மூத்திரவாடை, நடுவில் ஈன்ற ஆடு ஒன்று. சாவியைக் கேட்டுக் கையை நீட்டினாராம்.

இஞ்ஞாசியம்மாள் சாவியை எடுத்து நீட்டினாளாம். "இடமில்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, மாமா" என்றாளாம்.

பின்னால் வந்த சாமியார் இரண்டு பேருக்கும் நடுவே தலையை நீட்டிப் பார்த்தாராம். பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"சுரூபப் பெட்டி தண்ணியோட போச்சேன்னு வழியெல்லாம் புலம்பினீரே, தொம்மை. இங்க குடில் உசுரோட நிக்குது பாரும். வச்சவகிட்டயே சாவி இருக்கட்டும்."

இஞ்ஞாசியம்மாள் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாளாம். பிறகு தொம்மை நீட்டின கை கீழே இறங்கி, காலடியில் நின்ற குட்டியின் தலையைத் தடவினதாம். முதல் பூசை அந்த மந்தைக்கு நடுவில்தான் நடந்ததாம். சாமியார் வாய் திறக்கும்போதெல்லாம் ஆடுகள் பதில் சொல்லுமாம்.

இன்றைக்கும் அந்த ஊரில் கிறிஸ்துமஸுக்குக் கோயிலை வெள்ளையடிக்கும்போது, உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு அடிப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் சுண்ணாம்பு பத்தவில்லையா என்று கேட்பார்கள். ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

அடித்ததுதான், ஆடு பூசிக்கொண்டு போய்விட்டது என்பார்கள்.